தேவதை இல்லைங்க, நர்ஸ்

நீண்ட இழை. பொறுமையா படிங்க. கோபம் வந்தா கடைசியில திட்டிக்கலாம்.

ஒவ்வொரு மே 12ம் தேதியும் என் வாட்ஸ்அப் நிரம்பி வழியும். வெள்ளை உடை, கையில் விளக்கு, முதுகில் இறக்கை, கீழே 'மண்ணில் வந்த தேவதைகள்'. அனுப்புறவங்க நல்ல மனசோடதான் அனுப்புறாங்க. ஆனா அந்த வார்த்தை நர்ஸ்களுக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. தேவதைக்குக் கருணை போதும், மூளை வேண்டாம். தேவதை சம்பள உயர்வு கேட்காது. டாக்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது.

இறக்கைன்னதும் ஞாபகம் வருது. நிஜமாவே வானத்துல வேலை பார்த்த நர்ஸ்கள் இருந்தாங்க, இரண்டாம் உலகப் போரில்.

1943 ஜனவரி 17. அப்போ பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சி. அமெரிக்க ராணுவ நர்ஸ் எல்சி ஆட், ஐந்து நோயாளிகளோடு விமானம் ஏறுகிறார். போக வேண்டிய இடம் வாஷிங்டன். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஒரு நாள் முன்னாடிதான் தகவல் சொன்னாங்க. கூட டாக்டர் கிடையாது. அரேபியா, ஆப்பிரிக்கா, பிரேசில்னு இறங்கி ஏறி, ஒரு வாரத்துக்குள் ஐந்து பேரையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். கப்பலில் போயிருந்தால் மாதக்கணக்காகும்.

இறங்கினதும் அவர் செய்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அறிக்கை எழுதினார். ஆக்சிஜன் வேணும், போர்வை கூடுதலா வேணும், காயத்துக்குக் கட்டுப் போடும் பொருட்கள் வேணும், பாவாடை போட்டுக்கிட்டு இந்த வேலை செய்ய முடியாது, பேன்ட் கொடுங்க. தேவதை இப்படியா எழுதும்?

அடுத்த மாதமே கென்டக்கி மாநிலத்தின் போமன் ஃபீல்டில் விமான நர்ஸ்களின் முதல் வகுப்பு பயிற்சி முடிச்சு வெளியே வந்தது.

அந்த விமானங்களை இப்போதைய ஏர் ஆம்புலன்ஸ் மாதிரி நினைக்காதீங்க. பெரும்பாலும் சி-47 சரக்கு விமானம். போகும்போது வீரர்களும் வெடிமருந்தும், வரும்போது அடுக்கடுக்காக ஸ்ட்ரெச்சர்கள், இருபதுக்கு முன்னே பின்னே. சரக்கு ஏற்றியதால் செஞ்சிலுவைச் சின்னம் போட முடியாது, எதிரி சுடலாம். உள்ளே ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். அவ்வளவுதான்.

உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதியும் இல்லை. 8,000 அடி உயரத்தில், அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். நமக்குக் காது அடைக்கும், அவ்வளவுதான். நெஞ்சில் குண்டடி பட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவனுக்கு அதுவே எமன். வயிற்றில் தையல் போட்டவனுக்குக் குடல் உப்பும். தாடையைக் கம்பியால் கட்டியவன் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைக்கும், உடனே கம்பியை வெட்டணும். ஆக்சிஜன் எப்போ, மார்ஃபின் எவ்வளவு, யாருக்குப் பிளாஸ்மா, பைலட்டிடம் 'கீழே இறக்குங்க'ன்னு எப்போ சொல்றது? எல்லாம் அந்த ஒரு பெண்ணின் முடிவு. கேட்க மேலே யாரும் இல்லை.

நெஞ்சுக் காற்றுன்னதும் என் கதை ஒண்ணு. ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டு சிஸ்டர் வந்து 'டாக்டர், பதினாலாம் பெட் மூச்சு சரியில்ல'ன்னாங்க. சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டேன். மறுபடி வந்தாங்க, மறுபடி அனுப்பினேன். மூணாவது தடவை அவங்க முகத்தைப் பார்த்துத்தான் எழுந்தேன். நெஞ்சில் காற்று அடைச்சு இதயத்தையே தள்ளிக்கிட்டு இருந்தது. ஊசி குத்தி எடுத்தோம், பிழைச்சார். கேஸ் ஷீட்டில் என் பெயர்தான் இருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தப் போரில் அமெரிக்கா விமானத்தில் ஏற்றிய நோயாளிகள் 11,76,048. வழியில் இறந்தவர்கள் 46. 'டாக்டர்கள் முன்கூட்டியே பார்த்து, தாங்கக்கூடியவங்களைத்தானே ஏற்றினாங்க'ன்னு என் சக டாக்டர்கள் கேட்பாங்க. உண்மைதான். ஆனா ஏற்றின பிறகு நடந்ததுக்குப் பொறுப்பு யார்? ஏறக்குறைய 500 நர்ஸ்கள். அதில் 17 பேர் உயிரோடு திரும்பலை.

இவங்களுக்கு லெப்டினன்ட்னு பட்டம் உண்டு. ஆனா 1944 ஜூன் வரைக்கும் முழு அதிகாரிக்குரிய தகுதி கிடையாது. பேருக்குப் பதவி.

ரீபா விட்டில்னு ஒரு விமான நர்ஸ். 1944 செப்டம்பரில் காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போன விமானம் ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. தலையிலும் முதுகிலும் அடி. கைதியானார். சிறைபிடிக்கப்பட்ட முகாமிலும் காயம்பட்ட கைதிகளுக்குத்தான் வேலை பார்த்தார். 1945 ஜனவரியில் விடுதலை. உடம்பு கெட்டுப்போய், இழப்பீட்டுக்காகப் பல வருஷம் எழுதினார். தேவதைன்னு கூப்பிட காசு செலவாகாது. போர்க்கைதின்னு ஒத்துக்கிட்டா பணம் கொடுக்கணும்.

ராணுவம் அவரைப் போர்க்கைதின்னு அதிகாரபூர்வமா ஏற்றது 1983ல். அவர் இறந்தது 1981ல்.