தவணைக்கு முன் விலை

கத்தரிக்காய் கொள்முதலில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறையும்வரை விடாப்பிடியாக நிற்கும் வியாபாரி, ஏழெட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு முகவர் நீட்டும் தாளில் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுகிறார். வாகனக் கடன் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு இது தீராத வியப்பு. குட்டியானை என்று மக்கள் அழைக்கும் டாடா ஏஸ் ஆயினும், தோஸ்த், பொலேரோ பிக்கப் ஆயினும் நிலைமை ஒன்றே.

காட்சியறையில் கேட்கப்படும் முதல் கேள்வியே, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். அதற்கு விடை சொன்னவுடன் விலையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஐந்து லட்ச ரூபாய்க் கடன், ஐந்தாண்டு, "வெறும் ஏழு சதவீதம்" என்பார்கள். முழுத்தொகைக்கும் ஐந்தாண்டு வட்டி கணக்கிட்டால் 1,75,000 ரூபாய். மாதத் தவணை 11,250. ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ பன்னிரண்டரை சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை அளிப்பது கட்டாயம். அதிலுள்ள ஆண்டுச் சதவீத விகிதத்தை ஒப்பிட்டாலே போதும்.

எனவே முதலில் விலை, பிறகே கடன். சாலை வரியிலும் பதிவுக் கட்டணத்திலும் பேரம் இல்லை. காட்சியறை விலையில் உண்டு. துணைப் பொருள்களில் உண்டு. "கையாளுதல் கட்டணம்" என்ற வரி இருந்தால் அது எதற்கென்று கேட்டே ஆக வேண்டும். காப்பீட்டை முகவரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இலவச விரிப்பையும் இருக்கை உறையையும்விட, விலைப்பட்டியலிலேயே குறையும் ரூபாய் மேலானது.

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் ஆறு லட்சம் விலையுள்ள வண்டியில் இது 60,000 ரூபாய். பழைய விலையிலிருந்து "தள்ளுபடி" காட்டினால், அதில் வரிக்குறைப்பு எவ்வளவு, முகவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்று, வரிக்குரிய சரக்கை விற்பவர் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகப் பெறலாம். புதிய காய்கறி மட்டும் விற்பவருக்கு அவ்வாய்ப்பில்லை; அவருக்கு வரியும் விலையே.

நாங்கள் கடுமையாக எதிர்க்கும் வழக்கம் ஒன்றுண்டு. முன்பணம் இல்லாதவருக்கு விலைப்புள்ளியை உயர்த்தி எழுதித் தருவதாகச் சில முகவர்கள் முன்வருவர். இது வங்கியை ஏமாற்றுவது மட்டுமன்று. இல்லாத விலைக்கு வாங்குபவரே வட்டி கட்டுகிறார். வண்டி களவுபோனால் காப்பீட்டுத் தொகை, உற்பத்தியாளரின் பட்டியல் விலையில் தேய்மானம் கழித்தே கணக்கிடப்படும்; உயர்த்தி எழுதிய தொகைக்கு அங்கு இடமில்லை. வண்டி போனபின்னும் கடன் நிற்கும்.

வேறுவேறு முகவர்களிடம் இரண்டு விலைப்புள்ளிகளை எழுத்தில் பெற்றபின் கிளைக்கு வாருங்கள். ஜனவரியில் வாங்குவோர் உற்பத்தி மாதத்தையும் பார்க்க வேண்டும். அது பதிவுச் சான்றிதழில் ஏறிவிடும். டிசம்பரில் தயாரான வண்டியை மறுவிற்பனையில் ஓராண்டு பழையதாகவே மதிப்பிடுவர். அந்தக் குறைவை இப்போதே விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்; ஆண்டு மாறியபின் பழைய இருப்பை வைத்திருக்கும் முகவர் பெரும்பாலும் இறங்கி வருவார்.