நூலும் நமது, தறியும் நமது, விலை மட்டும் அவர்களுடையது!

ஆறாயிரம் கோடி ரூபாய்! 2024 நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரிசபை, “ஒரே நாடு ஒரே சந்தா” என்ற திட்டத்துக்கு அனுமதித்த தொகை இது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு, முப்பது சர்வதேசப் பதிப்பகங்கள் வெளியிடும் சுமார் 13,000 பத்திரிகைகளை 6,300-க்கு மேற்பட்ட சர்க்கார் கல்வி நிலையங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ளவர்கள் படிக்கலாம். 1 கோடியே 80 லட்சம் பேருக்குப் பலன் என்கிறது சர்க்கார்.

படிக்க வைப்பது நல்ல காரியம்தானே, இதில் என்ன ஆட்சேபம் என்று வாசகர்கள் கேட்கலாம். படிப்பதில் நமக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. டில்லியிலும் பெங்களூரிலும் பெரிய நிலையங்களில் மட்டும் கிடைத்து வந்தது இன்று திருநெல்வேலி சர்க்கார் கல்லூரி மாணவனுக்கும் கிடைக்கிறதென்றால் அது லாபமே. நமது கேள்வி வேறு. இவ்வளவு பணம் எந்தச் சரக்குக்கு? அந்தச் சரக்கை உற்பத்தி செய்தது யார்?

கடையநல்லூர் நெசவாளிக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். கூலிக்குக் கைலி நெய்பவனுக்கு முதலாளி நூல் கொடுக்கிறான். நெய்து கொடுத்தால் கூலி கொடுக்கிறான். கூலி போதாது, அதற்காகச் சண்டை போடுகிறோம். என்றாலும் நூல் அவனுடையது. கூலி என்று ஏதோ ஒன்றும் உண்டு. விஞ்ஞானப் பத்திரிகை வியாபாரத்தில் அதுவும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடம் ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கிறது. விஞ்ஞானியின் சம்பளமும் அதிலிருந்துதான். அவர் கட்டுரையை எழுதிக் கம்பெனிக்கு இனாமாக அனுப்புகிறார். கட்டுரை சரியா, பிழையா என்று பார்த்துச் சொல்பவர் வேறொரு விஞ்ஞானி. அவருக்கும் கம்பெனி சல்லிக்காசு கொடுப்பது அபூர்வம். பிறகு உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அதே கட்டுரையை அதே ஜனங்களுக்குச் சந்தா போட்டு விற்கிறார்கள்! எல்ஸ்வியர் கம்பெனியை வைத்திருக்கும் ரெலெக்ஸ், 2023-ம் ஆண்டில் தனது விஞ்ஞான, மருத்துவப் பிரிவில் நூறு ரூபாய் வரவுக்குச் சுமார் 38 ரூபாய் லாபம் கண்டது. எந்த ஜவுளி முதலாளிக்கு இந்த விகிதம் கனவிலாவது வரும்?

இது ஏதோ படித்தவர்களின் சச்சரவு என்று தொழிலாளித் தோழர்கள் தள்ளிவிட வேண்டாம். 2012-ல் டெங்குக் காய்ச்சல் நம் கடையநல்லூரை ஆட்டி வைத்ததை ஊரில் யாரும் மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல், நிலவேம்புக் கஷாயம், கொசு மருந்துப் புகை, ரத்தப் பரிசோதனைக்கு அலைச்சல். இம்மாதிரிக் காய்ச்சல் காலங்களில் எளிய ஜனங்களின் உடம்பிலிருந்து எடுக்கப்படும் ரத்தத்திலிருந்துதான் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பிறக்கின்றன. அவை எங்கே அச்சாகின்றன, யார் கைக்கு எட்டுகின்றன என்பது உயிர்ப் பிரச்னை.

ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லைபீரியா நாட்டு ஜனங்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஐரோப்பிய விஞ்ஞானிகள், இந்த நாட்டையும் எபோலா நோய் நிலவும் பிரதேசமாகக் கொள்ளவேண்டும் என்று 1982-லேயே ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். 2014-ல் எபோலா அங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 2015-ல் அந்நாட்டு சுகாதார அதிகாரிகள் பகிரங்கமாக எழுதினார்கள்: அப்படி ஒரு எச்சரிக்கை இருந்ததே எங்களுக்குத் தெரியாது, அத்தகைய கட்டுரை ஒன்றை வாங்க 45 டாலர், அது எங்கள் டாக்டரின் அரை வாரச் சம்பளம் என்று. ரத்தம் லைபீரியாவினுடையது; எச்சரிக்கையோ கம்பெனியின் பெட்டகத்தில்!

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ 1913-ல் தொடங்கியது. அதை யாரும் காசில்லாமல் படிக்கலாம். கடையநல்லூர் ஆஸ்பத்திரி டாக்டர் தன் கைபேசியிலேயே படிக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனியின் பத்திரிகையை அவர் படிக்க முடியாது. ஆறாயிரம் கோடித் திட்டமும் அவருக்கு இல்லை. அது உயர்கல்வி நிலையங்களுக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையங்களுக்கும்தான். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கும் கிடையாது. “ஒரே நாடு” என்ற பெயரில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்!

அப்படியிருக்க, விஞ்ஞானிகள் ஏன் அந்தக் கம்பெனிகளையே தேடிப் போகிறார்கள்? அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் தேர்வு செய்கிறவர்கள் பல இடங்களில் கட்டுரையைப் படிப்பதில்லை. பத்திரிகையின் பெயரையும் ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என்ற எண்ணையும் பார்க்கிறார்கள். ஒரு பத்திரிகையில் முந்திய இரண்டாண்டுகளில் வந்த கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்ற கணக்கு அது. பத்திரிகைகளைத் தேர்ந்தெடுக்க வந்த எண்ணைக் கொண்டு மனிதர்களை எடை போடுகிறார்கள். அதைக் கணக்கிட்டு விற்பதும் கிளாரிவேட் என்ற ஒரு கம்பெனியே. துணியைத் தொட்டுப் பார்க்காமல் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து விலை சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கட்டுரை எண்ணிக்கையே பிரதானம் என்றானதும் போலிப் பத்திரிகைகளும் முளைத்தன. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே வீச்சில் நீக்கியது.

சர். சி. வி. ராமன் இப்படிப் பெயர்ப்பலகை பார்த்தவரல்ல. 1926-ல் கல்கத்தாவில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1928-ல் தமது மகத்தான கண்டுபிடிப்பைப் பற்றிய முழுக் கட்டுரையை அதில்தான் வெளியிட்டார். லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகைக்கும் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் குறிப்பு அனுப்பினார்கள் என்பதும் உண்மையே. உலகத்துக்குச் சொல்ல வேண்டாமா? 1930-ல் நோபல் பரிசு வந்தது. அதே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இன்று ஸ்பிரிங்கர் கம்பெனியின் மூலம் வெளிவருகிறது. பெரும்பாலான கட்டுரைகளைப் படிக்கச் சந்தா வேண்டும்.

கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற முழக்கம் 2002-ல் புடாபெஸ்ட் அறிக்கையிலிருந்து வலுப்பெற்றது. கம்பெனிகள் அதையும் வியாபாரமாக்கிவிட்டன. படிப்பவன் காசு தர வேண்டாம், எழுதுபவன் தரட்டும் என்றார்கள்! 2021-ல் ‘நேச்சர்’ இதற்கு வைத்த விலை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ, நம் பணத்தில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். நம் சர்க்காரோ இதற்கும் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் நிதி வைக்கிறது. முன்வாசலில் சந்தா, பின்வாசலில் கட்டணம்.

எதிர்ப்பே இல்லை என்று எண்ண வேண்டாம். எல்ஸ்வியரின் ‘நியூரோஇமேஜ்’ பத்திரிகை கட்டுரைக்கு 3,450 டாலர் வசூலித்ததைக் கண்டித்து, 2023 ஏப்ரலில் அதன் ஆசிரியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்து, வேறு பத்திரிகை ஆரம்பித்தார்கள். பிரேசில் நாட்டினர் 1997-லேயே ‘சைலோ’ என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கித் தங்கள் பத்திரிகைகளை இலவசமாகத் திறந்து வைத்தனர். நம்மால் முடியாதா? 2014 டிசம்பரிலேயே, எங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைப் பிரதியை எல்லோரும் படிக்கும் சேமிப்பகத்தில் வைக்கவேண்டும் என்று மத்திய விஞ்ஞான இலாகாவும் உயிரித் தொழில்நுட்ப இலாகாவும் கொள்கை வகுத்தன. காகிதத்தில் நல்ல கொள்கை. அதன்படி வைத்தவர்கள் குறைவு. வைக்காதவர்களை யாரும் கேட்பதில்லை.

2027 டிசம்பருடன் இந்தச் சந்தா முடிகிறது. அதற்கு முன்பே கம்பெனிகள் அடுத்த பேரத்துக்கு வந்து உட்காரும். இந்திய விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகளை வேறு கட்டணம் வாங்காமல் உலகத்துக்கே திறந்துவிட வேண்டும் என்பதை சர்க்கார் முதல் நிபந்தனையாக வைக்கட்டும். அதுவரை காத்திராமல், 2014 கொள்கைப்படி பிரதியைச் சேமிப்பகத்தில் வைக்காத ஆராய்ச்சிக்கு அடுத்த தவணைப் பணம் கிடையாது என்று நாளைக்கே ஒரு சுற்றறிக்கை போடலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.