ஊரைவிட்டுப் போகாத லூதர்

'விசுவாசம் இருந்தால் போதும், நற்கிரியைகளால் ஒன்றும் ஆகாது' என்று வாதாடும் கிறிஸ்தவ நண்பர்கள் உங்களுக்கும் இருக்கலாம். அடுத்த நிமிடமே மார்ட்டின் லூதரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று ஐரோப்பாவையே உலுக்கியவர் அல்லவா! 'கிரியையில்லாத விசுவாசம் செத்தது' என்கிற யாக்கோபின் நிருபத்தை 1522-ல் 'வைக்கோல்' என்றே எழுதினார். (பிற்காலப் பதிப்புகளில் அந்த வார்த்தை இல்லை. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டார்!)

அந்த மனிதர் 1527-ல் என்ன செய்தார் தெரியுமா?

ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பிளேக் புகுந்தது. பல்கலைக்கழகமே யேனா நகருக்கு இடம் மாறியது. 'நீங்களும் கிளம்புங்கள்' என்று ஆட்சியாளர் யோவான் சொல்லியனுப்பினார். லூதர் அசையவில்லை. மனைவி காத்தரீனா அப்போது கர்ப்பிணி. மகன் ஹான்ஸுக்கு ஒரு வயதுதான். அவர்கள் குடியிருந்த பழைய மடத்துக்குள்ளேயே நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வீடு ஆஸ்பத்திரி ஆனது. நகரத் தலைவரின் மனைவி கிட்டத்தட்ட லூதரின் கையிலேயே உயிரை விட்டார்.

கிரியையால் மீட்பு இல்லை என்றால், இவ்வளவு பாடு எதற்கு?

அதற்கான பதில், யாக்கோபைக் குறைசொன்ன அதே 1522-ல், ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில் இருக்கிறது. நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாது; விசுவாசத்திலிருந்து நற்செயலையும் அப்படித்தான் என்கிறார். சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்க அவர் நோயாளியைத் தொடவில்லை. டிக்கெட் ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று நம்பியவர் அவர். கணக்குப் பார்க்கிற வேலை போய்விட்டால், கை பக்கத்து வீட்டுக்காரனுக்கு மிச்சம்.

'கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா?' என்று கேட்ட பிரெஸ்லாவ் நகரப் போதகருக்கு அந்த நாட்களில் ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். நம்மைக் கொரோனா வீட்டுக்குள் அடைத்தபோது பலர் தேடிப் படித்த கடிதம் இது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் தாராளமாகப் போகலாம், தப்பில்லை என்கிறார். போதகரும் மருத்துவரும் ஊர்த் தலைவரும் மட்டும் போகக்கூடாது. ஆனால், 'கடவுள் காப்பார்' என்று மருந்தை மறுப்பவர்களை மட்டும் அவர் விடவில்லை. அது விசுவாசம் அல்ல, கடவுளைச் சோதிப்பது என்று திட்டுகிறார். மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, கூப்பிட்டால் உடனே ஓடு.

அந்த டிசம்பரில், அதே வீட்டில், காத்தரீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள்.