பல்லைப் பிடுங்கும் முன் எலும்பைப் பற்றிச் சொல்லுங்கள்

சொத்தைப் பல்லைப் பிடுங்கியபின், பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் சூடாக எதுவும் குடிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பல்லைத் தாங்கியிருந்த தாடை எலும்பு இனிக் கரையத் தொடங்கும் என்பதையும் பிடுங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். மெல்லும்போது வேர் வழியாக இறங்கும் அழுத்தம் அந்த எலும்பைப் பேணுகிறது. வேர் போனதும் உடல் அதைக் குறைத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் 46 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், கடைவாய்ப் பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க வருகிறவர் ‘எலும்பு போதாது’ என்று கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

இழந்ததை மீட்க வழி உண்டு, ஆனால் அது சுலபமல்ல. மேல்தாடையின் பின்பக்கம் பல் போன இடத்தில் சைனஸ் என்னும் காற்றறை கீழிறங்கி, பல நேரம் சில மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சியிருக்கும். பக்கவாட்டில் சிறு சன்னல்போல் திறந்து, உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகளை நிரப்புகிறார்கள். அது இறுகப் பல மாதங்கள் ஆகும். பல் எடுத்த அன்றே குழியை நிரப்பி மூடுவது இதைவிட எளிது. இழப்பை முழுதும் தடுக்காவிட்டாலும் கணிசமாகக் குறைக்கும்.

இப்படிக் குழியை நிரப்புவது பணம் பறிக்கும் வழி என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பல் செட்டோ பிரிட்ஜோ போதும் என்பவருக்கு இது பெரும்பாலும் வேண்டியதில்லை. குட்டையான இம்பிளான்ட் பொருந்தும் இடத்தில் எலும்பு வளர்க்காமலே முடித்துவிடலாம். புகைபிடிப்பவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் வைத்த எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே எல்லாருக்கும் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை, எல்லாரிடமும் சொல்லுங்கள் என்கிறேன். சொல்வதற்குச் செலவில்லை. சொல்லாமல் விட்டால், முடிவெடுக்கும் உரிமை நோயாளியின் கையைவிட்டு 3 மாதங்களில் நழுவிவிடுகிறது.

வைக்கும் துகள் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அது நோயாளியின் தாடையிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். தானமாகப் பெற்ற மனித எலும்பாகவோ, மாட்டெலும்பிலிருந்து செய்ததாகவோ, செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் நிறைந்த நாட்டில், கேட்காமல் மாட்டெலும்பை வாய்க்குள் வைப்பது தவறு.

பல் எடுக்கக் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்த விவரங்களைத் தமிழில் அச்சிடுங்கள். அதை நோயாளிக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.