குழந்தைகளா சோதனைக் குழாய்கள்?

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் படுக்கைகளை அதிகப்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நல்ல விஷயந்தான். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் 2025-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் நாகபுரி ஆஸ்பத்திரிகளில் நடந்ததை அறிந்த பிறகு, இந்தக் கோரிக்கையைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்று ஒரு ஜில்லா. அங்கே பராசியா பக்கத்தில், சளியும் ஜுரமுமாகக் கிடந்த குழந்தைகளுக்குக் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் கொடுத்தார்கள். சில நாட்களில் அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. தண்ணீரில் கோளாறோ, எலியால் வந்த காய்ச்சலோ, ஏதாவது புதுக் கிருமியோ என்று அதிகாரிகள் தேடினார்கள். பெற்றோர் கடன் வாங்கிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி, நாகபுரி அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அநேகமாக எல்லாம் ஐந்து வயது நிரம்பாதவை.

தீவிர சிகிச்சை என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குக்கூட உள்ளே நடப்பது தெரியாது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமும் ஒரு லிட்டருக்குக் குறைவு. அந்த ரத்தத்தைத்தான் வெளியே இழுத்து, யந்திரத்தில் கழுவி, மறுபடியும் உள்ளே செலுத்த வேண்டும். குழாய்க்குள் எந்த நேரமும் கொஞ்சம் ரத்தம் நின்றுகொண்டேயிருக்கும். பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல, குழந்தைக்கு அதுவே ஆபத்து. மருந்தை எடைக்குத் தகுந்தபடி கணக்குப் போட வேண்டும். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் உயிர் போய்விடும். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம். படுக்கையை விட்டு நகராத ஒரு நர்ஸ். போதனா ஆஸ்பத்திரி என்றால் இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல; மேல்படிப்புப் படிக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். அவர்கள் என்ன பாடுபட்டாலும், ஈரலில் உருமாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தின்றுவிட்டு மூளைக்கும் நரம்புக்கும் ஏறிவிட்ட விஷத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

அந்த விஷம் எங்கே புட்டியில் அடைக்கப்பட்டது? நம் சுங்குவார்சத்திரத்தில்! ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். வழிப்போக்கர்களுக்குச் சோறும் நிழலும் கொடுத்த காலத்தின் ஞாபகம் ஊரின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் ஸ்ரீசன் என்ற மருந்துக் கம்பெனி, 2011-ல் வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு மருந்து காய்ச்சிக்கொண்டிருந்தது.

நமது மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அக்டோபர் முதல் தேதி அங்கே போனார்கள். பண்டிகை விடுமுறை என்று பாராமல் சோதித்தார்கள். மருந்தில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம். பாதிப் புட்டி விஷம் என்று பச்சையாகச் சொல்லிவிடலாம். மத்திய சுகாதார இலாகாவோ அக்டோபர் 3-ஆம் தேதி, தாங்கள் சோதித்த மாதிரிகளில் அந்த விஷம் இல்லை என்று அறிக்கை விட்டிருந்தது! அந்த விரைவுக்காக நம் அதிகாரிகளை மெச்ச வேண்டியதுதான். மெச்சிவிட்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அந்த ஆலையில் 364 குறைகளைக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்களே, அவற்றில் 39 மிகக் கடுமையானவை என்றீர்களே, அந்த 364 குறைகளும் காந்தி ஜயந்திக்கு முதல் நாள் ராத்திரி முளைத்தவையா? முன்பு அங்கே போக வேண்டியவர்கள் யார்? இரண்டு அதிகாரிகளைத் தற்காலிகமாக நீக்கினார்கள். கம்பெனி முதலாளியைக் கைது செய்தார்கள். 13-ஆம் தேதி லைசென்ஸை ரத்துச் செய்தார்கள். எல்லாம் குழந்தைகள் மண்ணுக்குள் போன பிறகு.

இது புதிதாக வந்த விபத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1937-ல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த சல்பா மருந்தைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது. நமக்கும் 1940-லேயே மருந்துச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. 1972-ல் இதே சென்னையில் குழந்தைகள் இறந்தன. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். நீதிபதி லென்டின் விசாரித்து அறிக்கை எழுதினார். 1998-ல் குர்காவுன் குழந்தைகள். 2020-ஐ ஒட்டி ஜம்முவில் ராம்நகர். அப்போது விஷத்தை அடையாளம் காட்டியது சண்டிகர் போதனா ஆஸ்பத்திரி. 2022-ல் நம் நாட்டு மருந்து காம்பியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் கப்பலேறிப் போய் அங்குள்ள குழந்தைகளையும் கொன்றதாகப் பழி வந்தது.

திரும்பத் திரும்ப ஒரே கதை. ஆலையில் கண்டுபிடிக்க வேண்டியதை ஆஸ்பத்திரி வார்டில் கண்டுபிடிக்கிறோம். பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பதில்லை. அதனால் குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் தேசத்து மருந்துச் சோதனைக்கூடம், வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளின் உடம்புதான்!

இந்த வட்டாரத்தின் பெருமையை நாம் அளக்கிற அளப்பைப் பாருங்கள். 1998-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் கார். 2010-லிருந்து ஒரகடத்தில் கார். பிறகு லாரி, மோட்டார் சைக்கிள். அங்கே ஒரு காரின் பிரேக்கில் ஓர் உறுப்பு சரியில்லை என்றால், எந்தெந்தக் காரில் அது போயிற்று என்று எண்ணை வைத்துத் தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்துவிடுவார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் பிரேக் எண்ணெய்க்கும் பெயின்டுக்கும் உரிய சரக்கு. புரொப்பிலீன் கிளைக்கால் என்ற மருந்துத் திரவம்போலவே அதுவும் நிறமில்லாமல், கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்பதனால்தான் சோதிக்கச் சொல்லியிருக்கிறது. சுங்குவார்சத்திரத்து ஆலை மருந்துத் தரமில்லாத சரக்கை வாங்கிச் சோதிக்காமலே ஊற்றியது என்று ஆய்வு அறிக்கை சொல்லுகிறது. காருக்குக் கிடைக்கிற மரியாதை அதே சாலையோரம் தயாராகிற குழந்தை மருந்துக்குக் கிடைக்கவில்லை.

"சிறு தொழில், ஸார்! கெடுபிடி செய்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள், மருந்து விலை ஏறிவிடும்" என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். இந்தச் சமாதானத்தைக் கேட்டுத்தான், 2024-ன் தொடக்கத்தில் வெளியான புதிய உற்பத்தி விதிகளுக்குச் சிறிய கம்பெனிகள் கட்டுப்படுவதற்கான கெடுவை 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்புக்கு நடுவிலேதான் இந்தச் சாவுகள். இத்தனைக்கும், இந்த விஷத்தை இனங்காணப் பெரிய யந்திரம்கூட வேண்டாம். பூச்சுப் பூசிய சிறு தகட்டில் சொட்டு வைத்து, திரவத்தில் நிறுத்தி, அது ஏறுகிற உயரத்தைப் பார்க்கிற சாதாரணப் பரிசோதனை போதும். அதைச் செய்ய வசதியில்லாதவன் கடலை மிட்டாய் செய்து பிழைக்கட்டும். மருந்து செய்ய வேண்டாம்.

நம் பங்கையும் மறைப்பானேன்? குழந்தை இரண்டு தடவை இருமினால் நமக்குப் பொறுப்பதில்லை. புட்டி எழுதித்தராத டாக்டரைக் கெட்டிக்காரர் என்று நாம் ஒப்புக்கொள்வதுமில்லை. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று எச்சரிக்கை அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருந்தார்கள். எத்தனை வைத்தியர்கள் அதைப் படித்தார்கள்? ஆனால் ஒன்று: ஏமாந்த தாயையும், எழுதிக் கொடுத்த டாக்டரையும் மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, பீப்பாயைத் திறந்து பார்க்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட நான் சம்மதிக்கமாட்டேன்.

படுக்கைகள் வேண்டும். 2019-ல் ஜில்லாவைப் பிரித்தபோது மருத்துவக் கல்லூரி செங்கற்பட்டோடு போய்விட்டது. காஞ்சிபுரம் ஜில்லாவில் அரசாங்க மருத்துவக் கல்லூரி இல்லாமற்போயிற்று. ஒரகடத்துத் தொழிலாளி தன் பிள்ளையைச் செங்கற்பட்டுக்கோ எழும்பூருக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே கட்டுங்கள். கட்டுகிறபோதே இன்னும் ஒன்று செய்யுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் சிறுநீர் நின்று வந்தால், அந்த வார்டில் இரவு வேலை பார்க்கிற பையனோ பெண்ணோ மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியை அந்த நேரத்திலேயே டெலிபோனில் கூப்பிட்டு எழுப்ப உரிமை கொடுங்கள். அந்த டெலிபோன் எண்ணை வார்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எழுந்துவந்து எடுக்காத அதிகாரியின் பெயரையும் பக்கத்திலே எழுதுங்கள்.