டெல்லிக்கு எதைக் கேட்பது? போடி நகரசபை முடிவு செய்யட்டும்!



போடிநாயக்கனூரில் கடை வைத்திருக்கும் எந்த வியாபாரியிடமும், "பாராளுமன்றத்தில் நம் ஊருக்காக என்ன கேட்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். இருபது குறைகளை அடுக்குவார். ஏலக்காய் விலை, ஜி.எஸ்.டி., ரயில், மலைச்சாலை, குடிநீர், சாக்கடை, பஸ் நிலையம், தெருவிளக்கு! எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் இந்த இருபதில் டெல்லி செய்ய வேண்டியது எது? சென்னை செய்ய வேண்டியது எது? நம் நகரசபையே செய்து முடிக்க வேண்டியது எது? இதைப் பிரிக்காமல் எழுதும் மனு குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

அமெரிக்காவில் பல நகரசபைகள் ஆண்டுதோறும் கூடி, "இந்த ஆண்டு நாட்டின் பாராளுமன்றத்திடம் நம் ஊர் கேட்க வேண்டியவை இவை, இந்த வரிசையில்" என்று தீர்மானம் போடுகின்றன. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் தங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கின்றன. பணக்கார நாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல இது. ஒரு தீர்மானமும் ஒரு தபால் தலையும் போதும். அதைப் போடி நகரசபை ஏன் செய்யக் கூடாது?

ரயில் கற்பித்த பாடம்

நம் ஊருக்கு 1928ல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பின்னர்தான் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 டிசம்பர் இறுதியில் மீண்டும் நிறுத்தினார்கள். தேனி வரை வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15ஆம் நாள். சுமார் 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்!

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எம்.பி.க்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. கோரிக்கை மட்டும் மாறவில்லை. வியாபாரி, மாணவர், விவசாயி, எல்லாக் கட்சியாரும் அந்த ஒன்றையே கேட்டார்கள். கடைசியில் கிடைத்தது. ஊர் ஒரே குரலில், ஒரே பொருளை, சலிக்காமல் கேட்டால் டெல்லியின் காதிலும் விழும் என்பதே இதன் பாடம்.

கேட்டபோது வாய் இல்லை

இன்னொரு பாடமும் உண்டு. அது கசப்பானது. ஏலக்காய் வியாபாரத்தின் கடிவாளம் ஸ்பைசஸ் போர்டின் கையில் இருக்கிறது. அந்த வாரியத்தை உண்டாக்கியது 1986ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம். போடியிலும் புத்தடியிலும் நடக்கும் மின்னணு ஏலம் அந்த வாரியத்தின் விதிப்படி நடப்பது. 2022 ஜனவரியில் மத்திய வர்த்தக அமைச்சகம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவர ஒரு வரைவை வெளியிட்டது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றது.

அந்த நேரத்தில் போடிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையே இல்லை! 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் தமிழகத்தின் நகரசபைகள் ஐந்தாண்டுக்கும் மேலாக அதிகாரிகளின் கையில் இருந்தன. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993லிருந்தே சொல்கிறது. சொல்லி என்ன பயன்? நம் ஊரின் பிழைப்பைப் பற்றி டெல்லி கருத்துக் கேட்டபோது, ஊரின் பெயரால் பதில் சொல்ல வாய் இல்லை.

அந்த வரைவு அப்போது சட்டமாகவில்லை. இன்னொரு வடிவில் நாளை வராது என்று யார் உத்தரவாதம் தருவார்? அப்போது அவசர அவசரமாக ஆள் தேடப் போகிறோமா? நம் பதிலை இன்றே எழுதி வைக்க வேண்டாமா?

மூன்றே மூன்று கேட்போம்

முதலாவது, மலையேறும் தொழிலாளி. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறுகிறார்கள் நம் ஊர்ப் பெண்கள். வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். வண்டி கவிழ்ந்தால், தோட்டத்தில் பாம்பு கடித்தால், எந்த அரசு பொறுப்பு? இவர் கையைக் காட்ட, அவர் இவரைக் காட்டுகிறார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பாராளுமன்றம் செய்தது. அதன் இடத்தில் வைக்க 2020ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமும் பாராளுமன்றம் செய்தது. ஒரு மாநிலத்தில் குடியிருந்து தினமும் அடுத்த மாநிலத்துக்குக் கூலிக்குப் போகிறவருக்குப் பதிவும், காப்பீடும், பாதுகாப்பான வாகனமும் உண்டு என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டாவது, ஏலக்காய். 2019ல் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போன காய், மூன்றாண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதைப் பார்த்தோம். 2024 வறட்சியில் செடிகள் கருகியதையும் பார்த்தோம். உலகில் அதிகமாக விளைவிக்கும் குவாதமாலா, அரபு நாட்டுச் சந்தையில் நம் எதிரே நிற்கிறது. மருந்து எச்சம் அதிகம் என்று நம் சரக்கு திரும்பினால் நட்டம் போடிக்குத்தான். சிறு வியாபாரிக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் எச்சப் பரிசோதனை வேண்டும். எந்தப் புதிய சட்டம் வந்தாலும் வாரியத்தில் சிறு விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, மலைச்சாலை. போடிமெட்டுச் சாலை தேசிய நெடுஞ்சாலை 85ன் பகுதி, டெல்லியின் பொறுப்பு. மழையில் மண் சரிந்தால் மலைக்கும் ஊருக்கும் தொடர்பு அறுகிறது. சரிவுகளைக் காக்கும் பணிக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.

வியாபாரிச் சகோதரர்களே, ஏலக்காயை இரண்டாவதாக வைத்தேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்! ஜீப் ஏறாவிட்டால் காய் இறங்காது. மேலும் வியாபாரியின் கோரிக்கை முதலில் நின்றால் டெல்லியில் அதை வியாபாரிகள் சங்க மனு என்று ஒதுக்கிவிடுவார்கள். கூலிக்காரரின் உயிர் முதலில் நின்றால்தான் அது ஊரின் மனு ஆகும். உழைப்பவரின் கூலியைத் தாமதப்படுத்தாதே என்று கற்றுக்கொடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்த வரிசையை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

நம் கையும் சுத்தமாக இருக்கட்டும்

டெல்லியிடம் நியாயம் கேட்கும் முன் நம் கடையையும் பார்ப்போம். காய்க்குச் சாயம் ஏற்றுவது, ஏலத்தில் எடுத்த காயையே திரும்ப ஏலத்துக்கு விட்டு விலையைக் குழப்புவது ஆகிய புகார்களை விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். யார் செய்தாலும் தவறு தவறுதான். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கத் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு என்பதை மறந்துவிட்டு மனு எழுத உட்காரலாமா?

நமக்கு என்ன வேலை?

வக்ஃப் திருத்த மசோதா 2024ல் கூட்டுக் குழுவுக்குப் போனபோது நாடெங்கும் ஜமாஅத்துகளிலிருந்து மனுக்கள் குவிந்தன. 2025ல் அது சட்டமாகிவிட்டது என்பது வேறு விஷயம். மனு எழுத நமக்குத் தெரியும் என்பது நிரூபணம் ஆயிற்று. அந்தக் கை ஊரின் பொதுக் காரியத்துக்கு ஏன் எழுதக் கூடாது? நம் துன்பத்தில் அடுத்தவர் தோள் கொடுக்க வேண்டும் என்றால், ஊரின் துன்பத்தில் நாம் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

பேட்டையில் பிறந்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களை 1962லும் 1967லும் 1971லும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது கேரளத்தின் மஞ்சேரி. எல்லைக்கோடு அவருக்குத் தடையாக இல்லை. ஏல மலைக்கும் அப்படித்தான். தேனி எம்.பி.யும் இடுக்கி எம்.பி.யும் சேர்ந்து கேட்டால் அமைச்சர் தட்டிக்கழிக்க முடியாது.

இளைஞர்களே! உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். அவர் எந்தக் கட்சியானாலும் சரி. இந்த மூன்றையும் நகரசபைக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். வரிசை பிடிக்கவில்லை என்றால் அங்கே விவாதித்து மாற்றட்டும். ஆனால் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். தீர்மான நகலை இரு எம்.பி.க்களுக்கும், வர்த்தகத் துறைக்கான பாராளுமன்ற நிலைக்குழுவுக்கும் அனுப்பட்டும். கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லலாம். லோக்சபாவின் மனுக்கள் குழுவுக்கு ஊர் மக்களே மனு அனுப்பலாம்; அதற்கு ஒரு எம்.பி.யின் மேலொப்பம் வேண்டும். அதை வாங்கித் தருவது நீங்கள் ஓட்டுப் போட்டவரின் கடமை.

நகரசபைத் தீர்மானத்துக்கு டெல்லியைக் கட்டுப்படுத்தும் சட்ட பலம் இல்லை என்பார்கள். உண்மைதான். ரயில் கேட்ட மக்களுக்கு மட்டும் எந்தச் சட்ட பலம் இருந்தது?

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு தாள், மூன்று கோரிக்கை. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை டெல்லி கருத்துக் கேட்கும்போது போடிக்கு வாய் இருக்கட்டும்!