தனிக்கல்

எங்கள் வீட்டில் இரவுக்குச் சப்பாத்தி என்று முடிவானது என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கு. மறுநாளே கோதுமை மாவு வந்து இறங்கிவிட்டது. யாரும் விவாதிக்கவில்லை. தினமும் பிசைந்து, தேய்த்து, சுட்டுப் போட உன்னால் முடியுமா என்று என்னையும் கேட்கவில்லை. 12 வருடம் பிசைந்தேன். இரவு மீந்ததைக் காலையில் நான் தின்றேன். வீணாக்கக் கூடாதே.

அந்த 12 வருடமும் எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்று மலம் கறுத்ததுதான் மிச்சம், ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. வயிற்று உப்புசம், பேதி, எலும்பு வலி. பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் மாதவிடாய்மேல் பழியைப் போட்டார்கள். "லேடீஸுக்கு இது சகஜம்மா." சகஜம்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் பாதிப் பேருக்கு இப்படி ரத்தம் குறைந்திருந்தால் அதைச் சகஜம் என்றா சொல்லியிருப்பார்கள்?

"என்ன சாப்பிடுறீங்க?" என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டபோது எனக்கு 41 வயது. அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, சிறுகுடலில் சதை எடுத்துச் சோதனை. சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றலே சொந்தக் குடலுறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடித்துவிடும். பிறகு எந்த மாத்திரை போட்டு என்ன, சத்து ரத்தத்தில் சேராது. மரபணுவில் வருவது. சப்பாத்தி அதை உண்டாக்கவில்லை. ஆனால் 12 வருடம் நான்தான் அதற்குத் தீனி போட்டிருக்கிறேன், மீந்ததைத் தின்று தின்று. சிகிச்சை ஒன்றுதான்: ஆயுள் முழுக்கக் குளூட்டன் கூடாது.

அவருடைய நோய்க்கு ஒரே நாளில் வீடே மாறியது. என் நோய்க்கு என்ன மாறியது? "நீ வேணா சோறு சாப்பிட்டுக்கோ" என்றார்கள். சப்பாத்தியை நான்தான் சுட வேண்டும். மாவுத் தூசி பறக்கும் அதே மேடையில், சப்பாத்தி சுட்ட அதே கல்லில் என் தோசை. ஒரு துணுக்கு ஒட்டினாலும் எனக்கு ஆகாது. தனியாக ஒரு தோசைக்கல் வாங்கி, "இதுல சப்பாத்தி போடாதீங்க" என்றேன். "என்ன, தீட்டு பாக்குறியா?" என்றார் மாமியார்.

மாதம் மூன்று நாள் தனித்தட்டு, தனிப்பாய் என்று என்னை ஒதுக்கிய வீடு அது. சித்தாளுக்குக் கொல்லையில் தனித்தம்ளர் வைத்த வீடு. அப்போதெல்லாம் அது ஆசாரம். என் குடலைக் காப்பாற்ற ஒரு கல்லைத் தனியே வைத்தால் மட்டும் திமிர்.

விசேஷ வீடுகளில் இன்னும் மோசம். கேசரியும் பரோட்டாவும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஒதுக்கிவிடலாம். சாம்பாரில் இருக்கும் பெருங்காயத்தை என்ன செய்ய? கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைக் காட்டச் சொன்னால், "ஒரு வாய் சாப்பிட்டா செத்தா போயிடுவ?"

இந்த லட்சணத்தில் குளூட்டன் இல்லாத உணவு இப்போது அழகுக் குறிப்பாகிவிட்டது. இடை மெலியுமாம், முகம் மின்னுமாம். குளூட்டன் இல்லை என்று அச்சடித்த பிஸ்கட்டில் பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு இதைப் படிக்கும் தோழி, பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதே. நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

இன்னொரு கூட்டம் பாட்டி காலத்துக்குத் திரும்பு என்கிறது. வரகிலும் சாமையிலும் தினையிலும் குளூட்டன் கிடையாது, உண்மைதான். அந்த வரகை உரலில் இட்டுக் குத்தியவள் யார் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97. ஆரோக்கியம் என்று புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அந்த 299இன் தலையில்தான் ஏறுகிறது.

எனக்குத் தேவைப்பட்டது பணக்காரச் சாப்பாடு அல்ல. சோறு, இட்லி, கேழ்வரகுக் களி, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, நெத்திலி. வெறும் சோற்றோடு நிறுத்தியிருந்தால் குளூட்டன் போயிருக்கும், சோகை போயிருக்காது. முட்டையும் மீனும் என் தட்டில் விழ வேண்டுமானால் கடைசியில் உட்காரும் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. விட்டேன். அவர்களோடு உட்கார்ந்து, எனக்கு வேண்டியதை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு வருடத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றரை.

கூடவே, சப்பாத்தி பிசைவதையும் நிறுத்தினேன். மாவு, கட்டை, பழைய கல் எல்லாவற்றையும் கூடத்து மேசைக்கு மாற்றி, "இனிமே நீங்க போட்டுக்கோங்க" என்றேன். மூன்று நாள் பிசைந்தார். நான்காம் நாள் அவருடைய மருத்துவரிடம் போய், இரவில் சோறு சாப்பிடலாமா என்று கேட்டார். எதுவானாலும் அளவுதான் முக்கியம், சோற்றைக் குறைத்துக் காய் நிறையச் சாப்பிடுங்கள் என்றாராம் அவர். 12 வருடமாக இதைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.